சொந்தக் குரல்

சவப்பெட்டி மாடிப்படியின் திருப்பத்தில் இடித்து நின்றது. "தலைப்பக்கம் தூக்குங்கண்ணா, மெதுவா," என்று கீழிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். தன் கணவர் எலியேசர் சாய்வாக இறங்கி மறைவதை ஜெயசீலி வாசலில் வாக்கரைப் பற்றி நின்றபடி பார்த்தாள். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அவளால் படி இறங்க இயலாது. ராஜகீழ்ப்பாக்கத்து அந்தக் கட்டடத்தில் லிஃப்டும் இல்லை.

"சர்ச்ல லைவ் போடுறோம்மா. அப்பா பாட்டு, அப்பா வாய்ஸ்லயே வரும். நீ இங்கருந்தே கேக்கலாம்," என்று சொல்லிவிட்டு மகன் ஷெர்வின் பெட்டியின் பின்னே இறங்கினான்.

அந்த வழியனுப்புதலில் அவளுக்கு வாய்த்த பங்கு அது ஒன்றே.

கீழ்வீட்டு ரோஹிணி தன் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசைமேல் செம்பில் சாய்த்து நிறுத்தினாள். அந்த மேசையில்தான் எலியேசர் விரலால் தாளமிட்டு அந்தப் பாடலை இயற்றினார். சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது, பாடியவரும் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வாடகை கொடுத்தவரும் அவரே. ஆயினும், கூடத்தின் முதலாளி தம்மிடமிருந்த ஒலிநாடாக்களையெல்லாம் ஓர் இசை நிறுவனத்துக்கு விற்றபோது, எவரையும் கேளாமல் அதையும் சேர்த்தே விற்றார். சென்ற ஆண்டு எலியேசர் பாடலை இணையத்தில் ஏற்றினார், நிறுவனம் தடுத்தது. பாடல் தங்களுடையதென்று அவர் ஒப்புக்கொண்டால் அனுமதிப்பார்களாம்!

"என் பாட்ட நான் திருடிட்டேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா, ஜெயா?" என்று கேட்டவர், அதன்பின் வீட்டில் பாடவே இல்லை.

திரையில் சபையார் எழுந்து நின்றனர். பழைய ஒலிப்பதிவின் ஆர்மோனியம் தொடங்கியது. ஜெயசீலி முன்னால் சாய்ந்தாள். பாடுமுன் அவர் மூச்சிழுக்கும் ஓசை கேட்டது. அத்துடன் ஒலி நின்றது.

"வால்யூம் ஃபுல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி," என்ற ரோஹிணி, திரையின் அடியில் தோன்றிய வரியைப் படித்தாள். "காப்பிரைட்டாம். துக்கத்துலகூடவா இவனுங்க பேஜார் பண்ணுவானுங்க?"

ஜெயசீலியின் கைப்பேசி ஒலித்தது. ஷெர்வின்.

"அம்மா, லைவ்ல சவுண்ட் கட் ஆயிடுச்சு. பாட்டு அவங்களோடதுன்னு ஓகே குடுத்தா உடனே வந்துரும். குடுத்துரவா?"

அவன் பேச்சுக்குப் பின்னால், எங்கோ தொலைவில், எலியேசர் பாடிக்கொண்டிருந்தார்.

"வேணாம்டா."

"உனக்காகத்தாம்மா லைவே போட்டது. அப்பாவுக்கு இனிமே என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல? வேணாம்."

"சரி. நான் உள்ள போறேன்."

"ஷெர்வின், போன வைக்காம அப்படியே..."

அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"திரும்பக் கூப்பிடட்டுமா ஆன்ட்டி?"

"பாட்டு நடக்குதும்மா. தொந்தரவு பண்ணாத."

திரையில் வாய்கள் திறந்து மூடின. ஜெயசீலி வாக்கரின் கம்பியில் விரலால் தாளமிட்டாள். கடைசி அடியை எலியேசர் வீட்டில் பாடும்போதெல்லாம் நீட்டுவார். அதற்கு இடம் விட்டு மெதுவாகத் தட்டினாள்.

சபையார் அமர்ந்தனர். போதகர் புத்தகத்தைத் திறந்தார். அவள் விரல் இன்னும் நிற்கவில்லை.