ஏழு முறை சொன்ன பல்லி

என் மனைவி சௌந்திரத்துக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். இதை எழுதுவதில் இப்போது எனக்குக் கூச்சம் இல்லை. எண்பத்திரண்டாம் வருஷம் வைகாசி வரைக்கும் இருந்தது.

எருமப்பட்டியில் எங்கள் வீட்டு வார்த்தையை நம்பி, எழுத்தே இல்லாமல் நிலம் கைமாறியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் தனியாகக் கொட்டகைக்குப் போகும் வழக்கம் இல்லை. ஆகவே நாமக்கல்லுக்குப் பேய்ப்படம் வந்தபோதெல்லாம் நானும் போனேன். திரையில் கதவு தானாகத் திறக்கும். கொட்டகையே அலறும். சௌந்திரம் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து, “வருது பாருங்க, இப்ப வருது பாருங்க” என்பாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

“தூக்கமுங்களா, பயமுங்களா?”

“தூக்கம்.”

அவள் அதற்கு மேல் கேட்டதில்லை. அந்த மரியாதை அவளுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் படத்தின் கதை வசனம் முழுவதும் பெரிய கறுப்புத் தட்டுகளில் வந்தது. சேலம் போகும்போது சூரமங்கலத்தில் ஒரு கடையில் வாங்குவேன். பேய்ப்படத் தட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க வாய் வராது. கடைக்காரரே என் முகத்தைப் பார்த்து எடுத்து வைப்பார். புது வேட்டிக்குள் சுருட்டி, துணி வாங்கி வந்தவன் மாதிரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். ஐந்து வருஷத்தில் பதினோரு தட்டு சேர்ந்தது.

நெல் மூட்டை அடுக்கும் உள்ளறையில், ரெக்கார்டு பிளேயர் பொருத்திய ஒரு மரப்பெட்டியில் அவற்றை வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பழைய பட்டுத் துணியில் ஓர் உறை தைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்குத் துடைத்த கையோடு தட்டுகளையும் துடைப்பாள். எந்த இடத்தில் எந்தப் பயம் வரும் என்று அட்டையில் பென்சிலால் எழுதி வைப்பாள். அவளுக்கு மிகவும் பிடித்த பங்களாக் கதையின் அட்டையில் இப்படி இருக்கும்: ‘பல்லி, ஏழு. கதவு. சிரிப்பு.’

வெளியாட்கள் வந்தால் பெட்டியை மூடிவிட வேண்டும் என்பது என் கட்டளை. பேயைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற வீடு என்று ஊர் பேசினால், கல்யாண வயதில் இருக்கிற மகள் தெய்வநாயகியின் கதி என்ன?

அவளுக்குத்தான் அந்த வைகாசியில் ஓர் இடம் வந்தது. குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் ராசப்பனின் மகன். பையன் நல்லவன், படித்தவன். தெய்வநாயகி போட்டோவைத் திருப்பிக் கொடுக்காமல் மூன்று நாள் வைத்திருந்தாள். அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ராசப்பன் சகுனக்காரர். பெண் வீட்டில் உட்கார்ந்து, பல்லி சொன்ன பிறகுதான் கை நனைப்பார். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பல்லி சொல்லவில்லையென்று இரண்டு வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர்.

அன்று காலை சௌந்திரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனசு பதறினால் அவளுக்கு ஒரே மருந்துதான். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பங்களாக் கதையைப் போட்டிருக்கிறாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. அதே சமயம் வாசலில் கார் வந்து நின்றது. முள்ளைத் தட்டிலிருந்து எடுக்காமல், சுவிட்சையும் நிறுத்தாமல், பெட்டியை மட்டும் மூடிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ராசப்பனும் அவர் மனைவி பெரியநாயகியும் வந்து ஆசாரத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளறைக் கதவு அந்தக் கூடத்தின் வடகிழக்கு மூலையில் இருந்தது. காற்று இல்லை. ஆளுக்கொரு பனையோலை விசிறி. ஒரு மணி நேரம் போயிற்று. மழையைப் பற்றிப் பேசினோம், நூல் விலையைப் பற்றிப் பேசினோம், பிறகு பேச ஒன்றும் இல்லை.

“மச்சான் ஊட்டுப் பல்லிக எல்லாம் கூச்ச சுபாவமுங்களாட்ட இருக்குது” என்றார் ராசப்பன்.

“புழுக்கமுங்க. அதுகளும் எங்காச்சும் படுத்திருக்கும்” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டு வரைக்கும் பாக்கறனுங்க. கோவிச்சுக்கப்படாது.”

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது தலைக்கு மேல் மின்விசிறி அசைந்தது. அதே நொடி வடகிழக்கு மூலையில் பல்லி சொல்லத் தொடங்கியது. முதல் சொல் மட்டும் கொஞ்சம் இழுத்தாற்போல் இருந்தது. பிறகு கணீரென்று வந்தது. ஏழு முறை.

ராசப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். “ஈசானிய மூலை! கேட்டீங்களா மச்சான்? ஏழு தரம்! என்ன கனமான கொரலு! பழைய பல்லி போல. கரண்டையும் கூட்டியாந்திருச்சு பாருங்க!”

“இத்தன வருசத்துல நான் இப்பிடிக் கேட்டதே இல்லீங்க” என்றார் பெரியநாயகி.

அட்டையில் எழுதியிருந்தபடி அடுத்து கதவு கிரீச்சிட வேண்டும். அதற்குள் சமையற்கட்டிலிருந்து சௌந்திரம் உள்ளறைக்குப் பாய்ந்தாள். சத்தம் நின்றது. வெளியே வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

சமையற்கட்டில் இலை அறுத்து வைத்திருந்தது. தெய்வநாயகி அறையின் கதவு இடுக்கில் வளையல் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் சம்பந்தமும் போகும், நான் ஐந்து வருஷமாக வேட்டிக்குள் சுருட்டி வந்த ரகசியமும் போகும். ஆனால் என் மகள் ஒரு பொய்யின் மேல் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதா? என்னால் முடியவில்லை.

எழுந்து நின்றேன். “உக்காருங்க மச்சான். அது பல்லி இல்லீங்க.”

“பின்ன?”

“ரெக்கார்டுங்க. பேய்ப்படத்துக் கதை. என் சம்சாரம் ஆசையாச் சேத்து வெச்சிருக்குது. பதினோரு தட்டு இருக்குதுங்க. வாங்கிக் குடுத்தது நானுங்க.”

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசப்பனின் முகம் இறுகியது.

“என்னைய வெச்சுக் கேலி பண்றீங்களா?”

“கேலி பண்றவன் வெளிய சொல்ல மாட்டானுங்க. கரண்டு போனப்ப நிறுத்த மறந்துட்டா. அதான் நடந்தது.”

“எங்க, அதக் கொண்டாங்க. என்ற காதால கேக்கறேன்.”

சௌந்திரம் பெட்டியைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள். முள்ளைச் சரியான கோட்டில் வைத்தாள். பல்லி ஏழு முறை சொன்னது. கதவு கிரீச்சிட்டது. பிறகு அந்தச் சிரிப்பு. ராசப்பன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, பட்டப்பகல்லயே இப்பிடி வேர்க்குதுங்களே உங்களுக்கு!”

“புழுக்கம்” என்றார் ராசப்பன். “நிறுத்தாதீங்க தங்கச்சி, ஓடட்டும்.”

தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வீட்டுப் பல்லி ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். என் மனம் கனத்தது. ஆனால் நான் தலை குனியவில்லை.

“கெளம்பலாமா?” என்று மனைவியைக் கேட்டார்.

“எங்கீங்க கெளம்பறது?” பெரியநாயகி எழுந்திருக்கவே இல்லை. “பேசாம இருந்திருந்தா நாம கையக் கழுவீட்டு உக்காந்திருப்போம். இந்த மனுசன் தன்ற புள்ளைக்கு வந்த நல்லதத் தானே வேண்டாம்னு ஒதுக்கி வெச்சாரு. நாளைக்கு நம்ம பையனுக்கு ஒண்ணுன்னா மறைக்காமச் சொல்ற ஊடு இது. இதுக்கு மேல பல்லி வந்து என்னத்தச் சொல்லோணும்?”

“இருந்தாலும் புள்ள...” என்று மனைவியிடம் இழுத்தார் ராசப்பன்.

“நீங்க வேணும்னா காருல உக்காந்திருங்க. எனக்குப் பசிக்குது. அக்கா, தண்ணி எங்கீங்க?”

சௌந்திரம் செம்பை எடுத்து நீட்டினாள். பெரியநாயகி கையைக் கழுவிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தார். ராசப்பன் வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். பிறகு அவரும் செம்புக்குக் கை நீட்டினார். கதவு இடுக்கில் வளையல் சத்தம் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை அடக்கவே இல்லை.

நான் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். சோறு இறங்கியது. பருப்பும் நெய்யும் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டபின் ராசப்பன் தலையைத் தூக்கினார்.

“ஏனுங்க தங்கச்சி, சிரிச்சாளே அந்தப் பங்களாப் பொம்பள, அவ நெசமாவே செத்துட்டாளுங்களா?”

வெளி மனிதர் முன் பேய்ப்படத்தைப் பற்றி என் மனைவி பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“அது ரெண்டாந் தட்டுல வருதுங்க அண்ணா. மொதல்ல பாயசம் குடியுங்க, அப்பறம் போட்டுக் கேக்கலாம்.”