கோடெலீவின் ரோஜாக்கள் வைத்த குழம்பு

1974 மே மாதம், பெல்ஜியத்தின் வெட்டரன் ஊரில் கோடெலீவின் நாலாயிரம் ரோஜாச் செடிகள் மாட்டுக்கறி சமைக்கத் தொடங்கின. மண்ணை ஒட்டிய தண்டுகளில் கழலைகள் புடைத்து, அவற்றிலிருந்து கறுப்பு பீரில் வெந்த கறியின் வாசனை வந்தது. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலையும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது. கோடெலீவ் மட்டும் செடியோரம் குனிந்து மறுபடி முகர்ந்தாள். ஞாயிறுதோறும் அவள் புருஷன் ஓமேர் வைக்கும் குழம்பின் வாசனை அது. ஓமேர் செத்து மூன்று வருடமாகியும் அவள் மேஜையில் இரண்டு தட்டுகள்தான் வைத்துவந்தாள். ஒரு கழலையை அறுத்து, வேகவைத்துத் தின்றுகூடப் பார்த்தாள். கசப்புக் கட்டையாக இருந்தது.

கழலை கண்ட தோட்டத்தை எரித்துவிடுவதுதான் ரோஜா வளர்ப்பவர்களின் வழக்கம். கோடெலீவ் மாட்டேன் என்றாள். எரித்தால் அந்த வாசனையும் போய்விடும்.

"ஏம்மா, உன் புருஷன் வாசனைக்காக எங்க செடியெல்லாம் சாகணுமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கத்தினான் பக்கத்துத் தோட்டத்துக் கமீல்.

"உன் செடியில உன் பொண்டாட்டி சமையல் மணத்தா நீயேதான் மொதல்ல கொளுத்துவ. போடா!" என்றாள் அவள். உள்ளே போய் அழுதாள்.

கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ரெய்ன்ஹில்டே என்ற ஆராய்ச்சிக்காரி ரயிலேறி வந்து, மூன்று நாள் கழலைகளை நறுக்கிப் பார்த்தாள்.

"ஒரு பாக்டீரியாவோட வேலைம்மா இது. ஆனா அது செடிக்குள்ள வரவே இல்ல. வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு சீட்டை மட்டும் உள்ள அனுப்பியிருக்கு. அதுகிட்ட வளையமா ஒரு மரபணு எழுத்து இருக்கு, அந்தச் சீட்டு அதுல கிழிச்ச துண்டு. 'வீங்கு, எனக்குச் சமைச்சுக்கிட்டே இரு'ன்னு. செடி தட்டாம செய்யுது. வேற யாராலயும் அதைத் திங்க முடியாது."

"ஆள் உள்ள இல்ல, அடுப்பு மட்டும் எரியுதா?" கோடெலீவ் நறுக்கிய கழலையை எடுத்து முகர்ந்தாள். "எப்படி வந்துச்சு?"

"காயத்து வழியா. ஒட்டுக்கட்டுற கத்தியைக் கழுவுவீங்களா?"

வெட்டரனில் யாரும் கழுவியதில்லை. பட்டையைப் பிளந்து மொட்டைச் செருக இரண்டு கையும் வேண்டும். கத்தி பல்லிடுக்கில் இருக்கும். கோடெலீவ் அந்த ஊரிலேயே வேகமான கைக்காரி. போன கோடையில் கமீல் தோட்டத்துக்கும் அவள்தான் ஒட்டுக்கட்டினாள். வேலி தாண்டிப் போய் முகர்ந்தாள். அங்கேயும் ஓமேரின் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை இரண்டு தோட்டங்களுக்கும் அவளே தீ வைத்தாள். ஒரே ஒரு கழலையை ரெய்ன்ஹில்டே கேட்டு வாங்கிப்போனாள்.

அடுத்த ஒன்பது வருடத்தில் கென்டில் அந்த வளையத்தைப் படித்தார்கள், வீங்கச் சொன்ன வரியை வெட்டினார்கள், அந்த இடத்தில் வேறு வரி எழுதினால் பாக்டீரியா அதையும் மறுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் கண்டார்கள். 1983இல், முன்பு ரோஜா நின்ற இடத்தில் கோடெலீவ் வெங்காயம் போட்டிருந்தபோது, ரெய்ன்ஹில்டே தொட்டியில் ஒரு புகையிலைச் செடியோடு வந்தாள். கழலையே இல்லாத செடி. அதன் இலைகள் கறுப்பு பீரில் வெந்த கறியாக மணந்தன.

"சமையல் வரியைக் கொஞ்சம் திருத்திட்டோம். இப்ப நீங்க சாப்பிடலாம்மா."

கோடெலீவ் ஒரு இலையைக் கிள்ளி, ரொட்டியோடு நிதானமாக மென்றாள்.

"உப்பு கம்மி," என்றாள். "ஓமேரும் இப்படித்தான் வைப்பான்."

எழுந்து போய் உப்புச் சாடியை எடுத்துவந்தாள். இரண்டாவது தட்டை ரெய்ன்ஹில்டே பக்கம் நகர்த்தினாள்.