இருசப்பனுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர்

காலியான மருத்துவமனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் பையை இழுத்தெடுத்தாள் விஜயராணி. எள், பச்சரிசி, ஒரு பித்தளைச் செம்பு. மூச்சுத் திணறிய அப்பாவை விடியற்காலையில் தாய்லாந்தின் காஞ்சனபுரி விடுதியிலிருந்து இங்கே கொண்டு வந்திருந்தாள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா கார்த்திகேசு மலாயாவில் கோல சிலாங்கூர்த் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தபோது அவருடைய தகப்பன் இருசப்பன் அங்கே இல்லை. யுத்த காலத்தில் சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போயிருந்தான். ஆளும் திரும்பவில்லை, சேதியும் வரவில்லை. இருசப்பனின் மனைவி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. அதனால் மகனும் திதி கொடுக்கவில்லை. எண்பது தாண்டிய பிறகுதான் ஒரு நாள், "காஞ்சனபுரியில அவங்களுக்குக் கல்லு நட்டிருக்காங்களாம். போய்க் குடுத்துட்டு வந்துருவோம்லா" என்றார்.

மலேசியாவில் ரவாங்கிலிருந்து தம்பி தனபாலன் போனில் அழைத்தான்.

"அப்பாவ எப்பக்கா கொண்டு வருவ?"

"பேப்பர் வேலை முடிய மத்தியானம் ஆகுமாம். அதுக்குள்ள நான் கல்லுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"என்னக்கா பேசுற? இப்பத்தான் செத்திருக்காரு. தீட்டுலா. அதோட பொம்பள நீ எப்படித் திதி குடுப்ப?"

"அவரு நம்ம தாத்தாடா. அவருக்கு நம்மகிட்ட என்ன தீட்டு?"

"இன்னொரு நாளைக்கு நான் வந்து செய்யுறேன்."

"அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நினைவுக்கல் புத்தர் கோயில் வளாகத்தில் இருந்தது. ரயில்பாதையில் மடிந்த தமிழர் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கல். விஜயராணிக்கு மந்திரம் தெரியாது. எள்ளையும் அரிசியையும் உள்ளங்கையில் வைத்துச் செம்பைச் சாய்த்தாள்.

"இருசப்பன்" என்று சத்தமாகச் சொன்னாள். "தாத்தா, உங்க மகன் கார்த்திகேசு இந்த ஊரு வரைக்கும் வந்துட்டாரு. மிச்சத்துக்கு நான் வந்திருக்கேன்."

தண்ணீர் விரலிடுக்கில் இறங்கிக் கல்லடியில் பரவியது. அப்பாவுக்கென்று இன்னொரு பிடி எள் அள்ளினாள். பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டாள். அது தம்பி செய்ய வேண்டியது.

வளாகத்தைப் பெருக்கிக்கொண்டு வந்த சயாம்காரி ஈரத்தைக் கண்டதும் நின்றாள். விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.