அத்தானின் வலது தோள்

அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட்டுக்கு நோயாளிகள் வைத்த பெயர் "போலீஸ்". அவளிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. தோள் அடிக்கடி கழன்று, ஆபரேஷன் செய்து தைத்துக்கொண்டு போனவர்கள் வருடம் திரும்பியதும் அவளிடம் வந்தாக வேண்டும். தைத்தது பிடித்திருக்கிறதா, மறுபடியும் ஆட்டம் காண்கிறதா என்று அவள் அளந்து சொல்வாள். அதை வைத்து, பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

"மறுபடி கழண்டுச்சா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். முழுசாக வெளியே வந்து, யாராவது இழுத்து உள்ளே போட்டால்தான் அவர்களுக்கு அது கழன்றது. பாதி எட்டிப் பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பிப் போனதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். அதனால் அவள் அவர்கள் வாய்ப்பேச்சை நம்புவதில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, மணிக்கட்டை மெல்லத் தலைமாட்டுப் பக்கம் சாய்ப்பாள். கண் மட்டும் அவர்கள் முகத்தை விட்டு அகலாது. வலிக்கிறதா என்பது இங்கே பேச்சில்லை. கழன்றுவிடும் என்ற பயம் வருகிறதா, அதுதான் கேள்வி. பயந்தால் தோள் இன்னும் தேறவில்லை என்று எழுதுவாள்.

இந்த முறை வந்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். தீயணைப்பு நிலையத்தில் ஏணி ஏறுகிறவர். வலது தோளில் ஆபரேஷன் ஆன பிறகு அவரை போன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். சொந்தக்காரரை அவள் அளப்பது முறையில்லைதான். ஆனால் இந்த வேலை தெரிந்த இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

"நல்லா முறுக்கிப் பாரு. போன் எடுத்து எடுத்து எனக்குக் காதுதான் பலமாகுது," என்றார் அத்தான், படுத்துக்கொண்டே.

அவள் சாய்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பயம் இல்லை என்று எழுதி, டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டு, அக்காவுக்கு போன் போட்டாள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்குத் தெரியும்டி! அவருக்கு இப்ப ரெண்டு கையும் ஒண்ணுதான். பரண் மேல இருக்கிற பெட்டியக்கூட இடது கையாலயே இறக்கிடறார்னா பாத்துக்கோ!"

"எப்போலேருந்துக்கா?"

"ரொம்ப நாளாவே. சட்டைகூட அப்படித்தான் மாட்டறார். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லி போனை வைத்தாள். அத்தான் பிறவியிலிருந்தே வலது கைக்காரர்.

காலையில் செய்ததை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மற்றவர்களுக்கு மணிக்கட்டு மெத்தையைத் தொடப்போகிற இடம்வரை அவள் கை போகும். இவருக்குப் பாதியிலேயே நின்றிருந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. இவள்தான் நிறுத்தியிருக்கிறாள். தைத்தது தன் கையில் பிரிந்துவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். ஊரார் முகத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், தன் கையைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் டாக்டர் வருவதற்குள் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அத்தானை வரச்சொன்னாள். வேலைக்குத் திரும்பும் ஜோரில் அவர் யூனிஃபார்மோடு வந்து நின்றார்.

"மறுபடியுமா? நேத்துத்தானே பாஸ் போட்ட?"

"நேத்து நான் ஒழுங்காப் பாக்கல அத்தான். உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பாதியிலேயே விட்டுட்டேன். இன்னைக்குக் கடைசிவரைக்கும் சாய்ப்பேன்."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, கட்டிலில் ஏறிப் படுத்தார். இந்த முறை சிரிப்பும் இல்லை, கிண்டலும் இல்லை. அவள் முழங்கையை மடக்கி மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான். அத்தானின் இடது கை குறுக்கே வந்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம்."

"நான் இன்னும் அசைக்கவே இல்லையே அத்தான்."

"தெரியும்." அவர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "தூக்கத்துல புரண்டா எட்டிப் பாக்குது. நானே அழுத்தி உள்ள தள்ளிக்கறேன். உங்கக்காவுக்குத் தெரியாது."

"இந்தக் கையோடயா ஏணி ஏறக் கிளம்பினீங்க? ஒரு ஆளைத் தோள்ல போட்டு இறக்கறப்போ கழண்டா என்ன பண்ணியிருப்பீங்க?"

மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த ஏணியைத் தவிர வேறு எதிலும் தான் ஒரு ஆளாக இருந்ததில்லை என்று நினைக்கிறவர் அவர். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் தாளை எடுத்தாள்.

"என்ன எழுதப் போற?" என்றார்.

"தொட்டதுமே பயந்தார்னு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்னு போடு," என்றார் மெல்ல. "தோள் பயந்துச்சுன்னு எழுதிக்கோயேன்."