இடது பக்கத்து எழுத்துகள்

பல் டாக்டர் சாத்தப்பனுக்குத் தன் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதான். மலேசியாவின் ஈப்போ நகரத்தில் அவர் கிளினிக்கில் ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று தாப்பாவிலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்தக் கர்வத்தை அப்படியே தூக்கிக்கொண்டுதான் கீபோர்டு கட்டுகிற கூட்டத்திலும் போய்ச் சேர்ந்தார்.

கடையில் ரெடிமேடாக வாங்குகிற கீபோர்டு இல்லை இது. பெட்டி தனியாக, உள்ளே வைக்கிற பலகை தனியாக, ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் உட்காரும் சுவிட்ச் தனியாக என்று உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் வரவழைக்க வேண்டும். ஒவ்வொரு சுவிட்சையும் பிரித்து, பிளாஸ்டிக் உரசுகிற இடத்தில் பிரஷ்ஷால் துளி கிரீஸ் தடவி, மறுபடி மூடிப் பலகையில் பூட்ட வேண்டும். எல்லாம் எதற்கு? தட்டும்போது 'தொக் தொக்' என்று காதுக்கு இதமாக ஒரு சத்தம் வர வேண்டும், அதற்கு. வேலையற்ற வேலைதான். ஆனால் செய்து பார்த்தவர்கள் விட மாட்டார்கள். இந்த வயதில் இது தேவையா என்று அவர் மனைவி சிகப்பி முதலில் கேட்டாள். மனுஷன் வீட்டில் இருக்கிறாரே, அது போதும் என்று பிறகு விட்டுவிட்டாள்.

கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செமோரில் முகமது இப்ராஹிம் பாயின் சாப்பாட்டுக்கடை மாடியில் கூடும். அதை நடத்துகிறவள் பாயின் மகள் முஹ்ஸினா. மற்ற நாளெல்லாம் கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், அந்த ஞாயிறு மட்டும் மாடியில் அவள் ராஜ்யம். அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. கிரீஸ் தடவுவதை யாரும் தனியாகச் செய்யக் கூடாது. மலாய்க்காரர்கள் சொல்கிற கோத்தோங் ரோயோங் மாதிரி எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பிரிக்க, ஒருவர் தடவ, ஒருவர் மூட, கூட்டு வேலையாகத்தான் நடக்கும். ஒருவர் அதிகமாகத் தடவினால் பக்கத்தில் இருப்பவர் கையைத் தட்டிவிடுவார். இன்னொன்று, ஒரு கீபோர்டு கை மாறுகிறது என்றால், வாங்கிக்கொள்கிறவர் எல்லார் கண் முன்னாலும் அதைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இனாமாகக் கொடுத்தாலும் சரி. பின்னால் மனஸ்தாபம் வரக் கூடாது பாருங்கள்.

சாத்தப்பன் முதல் வழக்கத்தை மீறினார். பல்லுக்குள் நரம்பைத் தேடிப் பிடிக்கிற கைக்குப் பக்கத்தில் ஒரு காவலா என்று நினைத்திருப்பார். தன் கீபோர்டுக்கான சுவிட்சுகளில் பாதியை வீட்டிலேயே, கிளினிக் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே தடவி முடித்தார். மீதிப் பாதியை மட்டும் மாடிக்குக் கொண்டுபோனார். வீட்டில் செய்ததை இடது பக்கமும் மாடியில் செய்ததை வலது பக்கமும் பூட்டினார். எந்தப் பக்கம் சத்தம் உசத்தி என்று காதால் கேட்டு மகிழத்தான். இடது பக்கம்தான் உசத்தி என்று அவருக்கு அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு சாயங்காலம் வீட்டில் நோயாளி ஒருவருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு 'எஸ்'ஸுக்கு இரண்டு 'எஸ்' விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். இந்த முறை 'ஏ' இரண்டு விழுந்தது. நாளாக ஆக அது கூடிக்கொண்டே போனது. எல்லாம் இடது கை அடிக்கிற எழுத்துகள். வலது கை எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் கீபோர்டைத் திட்டியிருப்பார்கள். சாத்தப்பன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அப்பாவுக்கு, அவர்கள் வீட்டு வழக்கப்படி அப்பச்சிக்கு, இடது கையில்தான் முதலில் ஆரம்பித்தது. அப்பச்சி ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், பிறகு கரண்டியைப் பிடிக்க முடியாமல், கடைசியில் மகன் ஊட்டிவிட்டுச் சாப்பிட்டார். நடுக்குவாதம். அது அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தே தீரும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சாத்தப்பனுக்கு அது தெரியும். தெரிந்து என்ன, பயம் படிப்பைக் கேட்டா வருகிறது?

பயம் வந்த பிறகு, பார்த்ததெல்லாம் நடுக்கமாகவே தெரிந்தது. கையுறைக்குள் விரல் ஆடுகிற மாதிரி இருந்தது. கண்ணாடி முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். யார் கையானாலும் அப்படி நீட்டி முறைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கடைவாய்ப்பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை என்று சிக்கலான வேலைகளையெல்லாம் தெரிந்த டாக்டரிடம் அனுப்பிவிட்டு, தான் பல் சுத்தம் செய்கிறதோடு நிறுத்திக்கொண்டார். நரம்பு டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கினார். கிட்டே வந்ததும் ரத்து செய்தார். மறுபடி வாங்கினார். கை போனால் கிளினிக் போச்சு. கிளினிக் போனால் தான் யார் என்று அவருக்கே தெரியவில்லை. சிகப்பியிடம் மூச்சு விடவில்லை.

தன் கையைச் சந்தேகப்பட்டாரே ஒழிய, தன் கைவேலையை அவர் சந்தேகப்படவே இல்லை. வேறொரு கீபோர்டில் தட்டிப் பார்ப்போமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கிளினிக்கில் குறிப்பெல்லாம் நர்ஸ் அடிப்பாள். வீட்டிலிருந்த பழைய கீபோர்டை, இனி நமக்கு எதற்கு என்று முன்பே யாருக்கோ கொடுத்தாயிற்று. கர்வம் பிடித்த மனுஷர்களுக்கு இதுதான் வினை.

கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் அவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் எழுதுவார். ஒருநாள் அவசரத்தில் இரட்டை எழுத்துகளைத் திருத்தாமல் அனுப்பிவிட்டார். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் பவித்ரன் சும்மா இருக்காமல், டாக்டருக்கு இப்போதெல்லாம் வாய் திக்குகிறது என்று கிண்டல் செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். சாத்தப்பன் அன்றைக்கு எழுதுவதை நிறுத்தியவர்தான்.

வீட்டிலும் ஒரு மாற்றம். சிகப்பி காலையில் கொடுக்கிற காப்பி கொஞ்ச நாளாக அரைக் கோப்பையாக வந்துகொண்டிருந்தது. பால் விலை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவரும் கேட்கவில்லை.

அந்த மாதக் கூட்டத்துக்கு அவர் ஒரு முடிவோடு கிளம்பினார். கீபோர்டை முஹ்ஸினாவிடம் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்கும் ஒரு கும்பிடு. கண்ணுக்கு முன்னால் அது இருக்கிற வரைக்கும் தினமும் அப்பச்சியின் கைதான் ஞாபகம் வந்தது. செமோர் போகிற வழியில்தான் அப்பச்சி வேலை பார்த்த தோட்டம். இப்போது அங்கே ஒரு ரப்பர் மரம் கிடையாது, வரிசை வீடுகள். வழக்கமாக அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டுகிறவர், அன்றைக்கு வேகமாகத் தாண்டிப் போனார்.

மாடியில் நல்ல கூட்டம். கீழேயிருந்து பரோட்டாக்கல் வாசனை ஏறி வந்தது. சாத்தப்பன் பையைத் திறந்து கீபோர்டை முஹ்ஸினாவின் முன்னால் வைத்தார். கிளினிக்கில் வேலை அதிகம், இனி வர முடியாது, இதை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். அவள் முகம் வாடிவிட்டது. கம்பியை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகப் போனாள்.

"தட்டிப் பாக்கல்லாம் வேணாம் முஹ்ஸினா," என்றார் சாத்தப்பன். "சும்மா வச்சுக்க."

"வழக்கம்னா எல்லாருக்கும்தான்லா டாக்டரண்ணே," என்று சொருகிவிட்டாள்.

அவள் கடைக்காரி. எந்தக் கீபோர்டைத் தொட்டாலும் முதலில் அடிப்பது, கடையில் ஆற்றிக் கொடுக்கிற டீயின் பெயரை, 'தே தாரிக்' என்று ஆங்கில எழுத்தில். அதில் பாதிக்கு மேல் இடது கை எழுத்துகள். பவித்ரனும் மற்றவர்களும் திரையை எட்டிப் பார்த்தார்கள். சாத்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தட்டும் சத்தம் நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி நின்றது.

"அண்ணே, இது ரெண்டு ரெண்டா விழுதே," என்றாள்.

சாத்தப்பன் திரும்பினார். திரையில் ஒரு 'டி' இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு 'டி', ஒரு 'ஏ'வுக்கு இரண்டு 'ஏ'.

"உனக்குமா?" என்றார்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, முஹ்ஸினா நிமிர்ந்து பார்த்தாள். பவித்ரன் குறுக்கே கையை விட்டுத் தானும் தட்டினான். அவனுக்கும் இரண்டு இரண்டாக விழுந்தது. வலது பக்கம் தட்டினால் ஒழுங்காக ஒன்றுதான். மாடியில் பாதிதானே செய்தோம், இது நீங்கள் வீட்டில் செய்த பக்கமா என்று கேட்டுக்கொண்டே முஹ்ஸினா ஒரு சுவிட்சைப் பிடுங்கி, பிரித்து, விளக்குக்கு அடியில் பிடித்தாள்.

"எவ்வளவு கிரீஸ்ண்ணே அப்பி வச்சிருக்கீங்க? பரோட்டாவுக்குக்கூட எங்க வாப்பா இவ்வளவு விட மாட்டாரு."

சாத்தப்பன் மேசையில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். சுவிட்சுக்குள் மெல்லிய செப்புத் தகடு ஒன்று உண்டு. எழுத்தை அமுக்கும்போது அது போய்த் தொட வேண்டிய இடத்தைத் தொட்டால், ஓர் எழுத்து விழும். அங்கே கிரீஸ் படவே கூடாது. அவர் தடவிய கிரீஸ் வாரக்கணக்கில் கசிந்து வழிந்து, பல்லிடுக்கில் தேங்காய்ப்பூ சிக்கிய மாதிரி தகட்டைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தது. தகடு தொட்டு, வழுக்கி, மறுபடி தொடுகிறது. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு தட்டு.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. எல்லாரும் பதறிப்போனார்கள்.

"என் கைன்னு நெனச்சேன்," என்றார். "எங்க அப்பச்சிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. எனக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன்."

பவித்ரன் எழுந்து கீழே போனான். அவருக்காக ஒரு தே தாரிக் ஆற்றி வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் வைத்தான். அன்றைக்குக் கிண்டல் பண்ணியதற்கு மன்னிச்சிருங்கண்ணே என்று மெதுவாகச் சொன்னான். அவன் என்ன கிண்டல் செய்தான் என்பதே சாத்தப்பனுக்கு அந்த நேரம் மறந்துவிட்டது.

பிறகு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். இடது பக்கம் முழுவதையும் பிடுங்கிக் கூட்டு வேலையாகவே சுத்தம் செய்தார்கள். டாக்டர் கையில் பிரஷ்ஷை மட்டும் கொடுக்கக் கூடாது என்று முஹ்ஸினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். செப்புத் தகட்டிலிருந்து கிரீஸை வழித்தெடுக்கிற நுணுக்கமான வேலையை அவருக்குக் கொடுத்தாள். மயிர் மாதிரி மெல்லிய தகடு. கொஞ்சம் அழுத்தினால் வளைந்துவிடும். ஒன்றைக்கூட அவர் வளைக்கவில்லை. நடுவில் நிறுத்தித் தன் இடது கையைப் பார்த்தார். அது பாட்டுக்கு அசையாமல் சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் பூட்டி முடிந்ததும் அவரே தட்டினார். ஒன்று அடித்தால் ஒன்றே விழுந்தது. கீபோர்டை யாருக்கும் கொடுக்கவில்லை, பைக்குள் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனார்.

திரும்பும்போது தோட்டம் இருந்த இடத்தில் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

வீட்டில் சிகப்பி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாத்தப்பன் எதிரில் உட்கார்ந்து, முதல் 'எஸ்'ஸிலிருந்து முஹ்ஸினாவின் விளக்கு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். கிரீஸ் என்று கேட்டதும் கையிலிருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருந்தாலும் அந்த நரம்பு டாக்டரை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம். நானும் வாரேன்," என்றாள்.

அந்த டாக்டரைப் பற்றி அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கிளினிக்குக் கூப்பிட்டாக் கடைவாய்ப்பல்லுக்கு வேற டாக்டர்ங்கிறாங்க. நீங்க என்னன்னா கண்ணாடி முன்னால கைய நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க. மாமாவுக்கு வந்தப்ப நானும் இந்த வீட்டுலதான இருந்தேன்."

அடுப்படிக்குப் போனாள். காப்பியோடு வந்தாள். கோப்பை விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும். சாத்தப்பன் காப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பால் விலை ஒன்றும் ஏறவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"தளும்பிச்சுன்னா நீங்க மனசு ஒடைஞ்சு போயிருவீங்கன்னுதான் பாதி ஊத்துனேன்," என்றாள் சிகப்பி. "இந்தாங்க."

அவர் இடது கையை நீட்டி வாங்கினார். இரண்டு பேரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சூடு ஆறுவதற்குள் குடிங்க என்று சொல்லிவிட்டு, அவள் மீதித் துணியை மடிக்க உட்கார்ந்தாள்.