சத்தமாகப் பேசவும்

அண்ணி கொண்டுவந்து கொடுத்த நாற்பத்திரண்டு படிவங்களிலும் பதினாலாம் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: இல்லை.

கேள்வி இதுதான்: 'சான்றிதழ் வாங்கப் போனபோது, கட்டணத்துக்கு மேல் யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டி வந்ததா?' வெளிநாட்டு நிதியில் ஆறு நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கிற ஆய்வு அது. எந்த அலுவலகத்தில் எவ்வளவு தூரம் கை நீட்டுகிறார்கள் என்று பார்ப்பது நோக்கம். மற்ற வட்டாரங்களில் பத்துக்கு ஆறு பேர் ஆமாம் என்றிருந்தார்கள். மீதி நாலு பேர் சொல்லப் பயந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். அண்ணியின் வட்டாரத்தில் மட்டும் பேச்சுக்குக்கூட ஓர் ஆமாம் கிடையாது.

ஆய்வு நிறுவனத்தில் எல்லாருக்குமே அவள் அண்ணிதான். அதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார். ஒருநாள் போனில் அவள் "அண்ணி" என்று கூப்பிட்டது பக்கத்து அறைவரை கேட்டது. அன்றைக்கு ஒட்டிய பெயர் அப்படியே நின்றுவிட்டது. நாத்தனாருக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு காது முழுசாகவும் ஒரு காது பாதியாகவும் போய்விட்டன. அதனால் அவள் ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே தெரியும்.

திங்கட்கிழமை கூட்டத்தில் கம்ப்யூட்டர்காரர் திரையில் அந்த நாற்பத்திரண்டு வரிசையையும் சிவப்பாக்கிக் காட்டினார். ஆய்வை நடத்துகிற பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

"அண்ணி, இந்த வீடுகளுக்கெல்லாம் நீங்க நேர்ல போனீங்களா?"

வீடு வீடாகப் போகாமல் எங்காவது நிழலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புகிறவர்களை அவர்கள் தொழிலில் 'மரத்தடி' என்பார்கள். அந்தப் பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் எந்த ஆய்விலும் சேர்க்க மாட்டார்கள். பதினோரு வருஷம் நாய்க்கடிக்கும் வெயிலுக்கும் அசராமல் கதவு தட்டியவள் அண்ணி. பூட்டிய வீட்டுக்கு நாலு தடவை போய், ஐந்தாம் தடவை ஆளைப் பிடித்து உட்கார வைத்தவள். அவள் முகம் சிவந்துபோனது.

"போனேன் மேடம். ஒவ்வொரு படிவத்துலயும் கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

பேராசிரியர் புரட்டினார். அடியில் 'குறிப்பு' என்றிருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மூன்றாம் கவுண்டரில் இருப்பவர் என் நாத்தனார்.' நாற்பத்திரண்டிலும் அதே வரி. அந்த வட்டாரத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது அந்த ஒரு கவுண்டர்தான்.

"இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

"குறிப்பை ஏத்தறதுக்கு நம்ம புரோகிராம்ல கட்டமே இல்ல மேடம்," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

உண்மையை எழுதியதாலேயே அண்ணியின் நிலைமை இன்னும் மோசமானது. மூலையில் உட்கார்ந்திருந்த, 'சல்லடை' என்று பெயரெடுத்தவர் மெல்லச் சிரித்தார். எடுத்த கணக்கை மறுபடி சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுகிற மனிதர். "நாத்தனார் கவுண்டராம், நாற்பத்திரண்டும் சுத்தமாம். நம்மளைப் பார்த்தா எப்படித் தெரியுது இவங்களுக்கு?"

"நீங்களே நாளைக்குப் போய்ப் பாருங்க," என்றார் பேராசிரியர். "விண்ணப்பம் போடற ஆள் மாதிரி. கொடுத்துப் பாருங்க, வாங்கறாங்களான்னு. அண்ணி, நீங்க பின்னாடி பெஞ்சுல உட்காருங்க. வீட்டுல மட்டும் மூச்சு விடக்கூடாது."

மூச்சு விடாமல் இருப்பதில் அண்ணிக்குச் சிரமமில்லை. நாத்தனாரோடு அவள் அதிகம் பேசுவதேயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாதிக் காதுக்கென்று நல்ல மெஷின் ஒன்றைத் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாள். மகராசி வீட்டில் நாலே நாள் போட்டாள். அதற்கப்புறம் அதைக் கண்ணிலேயே காணோம். வீட்டில் மறுபடி அதே கத்தல். அந்தக் கோபம் அண்ணிக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு அந்த அலுவலகக் கூடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் அண்ணி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் கவுண்டர் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கியது: சத்தமாகப் பேசவும். அதன் பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலும் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டும் இருந்தன. வீட்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் அதில் எழுதிக் கொடுக்கலாம். எழுதிய சீட்டு விண்ணப்பத்தோடு சேர்ந்து கோப்புக்குள் போகும்.

சல்லடையின் முறை வந்தது. அவருடைய விண்ணப்பத்தில் வேண்டுமென்றே ஒரு நகல் குறைவு. கண்ணாடி ஓட்டை அருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"என்னது?" என்றாள் நாத்தனார். கூடம் முழுக்கத் திரும்பியது. "காதுல விழலீங்க."

சல்லடை இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

"கவனிச்சுக்கிறீங்களா? யாரைக் கவனிக்கப் போறீங்க? உடம்பு சரியில்லாதவங்க யாராவது வீட்டுல இருக்காங்களா?"

வரிசையில் நின்ற பெரியவர் ஒருத்தர் அவர் தோளைத் தட்டினார். "அந்தம்மாவுக்குக் காது மந்தம் தம்பி. வயித்துலேர்ந்து சத்தமா சொல்லுங்க. நாங்களும் கேக்கறோம்."

கூடம் சிரித்தது. எத்தனையோ பேருடைய மூக்கை உடைத்த சல்லடைக்கு அன்றைக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கொடுக்கக் கொண்டுவந்த பணக் கவரைப் பைக்குள் திணித்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடி, நகல் எடுத்துவந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் சான்றிதழ் கையில். தூணுக்குப் பின்னால் அண்ணி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கவுண்டர் மூடியது. சல்லடை எப்போதோ கம்பி நீட்டிவிட்டார். அண்ணி முக்காட்டை எடுத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியே உள்ளே போனாள். நாத்தனார் மேஜை டிராயரைத் திறந்துகொண்டிருந்தாள். டிபன் டப்பா வெளியே வந்தது. அதன் பின்னால் பஞ்சு வைத்த சின்னப் பெட்டி ஒன்று வந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததைக் காதில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள் அண்ணியைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இங்க எப்படி அண்ணி?"

சாதாரணக் குரலில் கேட்டாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அண்ணிக்கு மறந்துபோயிருந்தது.

"அது நான் வாங்கித் தந்த மெஷின்தானே?"

"உங்க மெஷின்தான். காலையில பஸ்ல போட்டுக்குவேன். பத்து மணிக்கு டிராயர்ல வச்சிடுவேன்."

"கவுண்டர்லதானே காது வேணும்? அங்க போய்க் கழட்டி வைக்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?"

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இந்தக் கவுண்டருக்கு வந்த முதல் மாசம் போட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்தேன் அண்ணி. வர்றவன் எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பேசினான். வேணாம்னா, பத்தலை போலிருக்குன்னு ஏத்திக் கேட்டான். வேணாம் வேணாம்னு தொண்டை வத்திப்போச்சு. ஒருநாள் பேட்டரி தீர்ந்துது. அன்னிக்கு ஒருத்தன் வாயும் திறக்கல. நாலு பேர் எதிர்ல கத்திக் கேக்க எவனுக்கு மானம் இடம் கொடுக்கும்? சரிதான்னு அப்படியே விட்டுட்டேன்."

"அப்போ வீட்டுலயாவது போட்டுக்க வேண்டியதுதானே?"

"வீட்டுல போட்டா நீங்க திட்டறது பூரா கேக்குமே அண்ணி."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும், தன் வீட்டு ஆளின் அருமையைத் தான்தான் தெரிந்துகொள்ளவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது. வந்த காரணத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

"தாராளமா எழுதிக்கட்டும். கேக்கறவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க," என்றாள் நாத்தனார், டப்பாவைத் திறந்தபடி.

அன்று பிற்பகல் ஆய்வு நிறுவனக் கூட்டத்தில் சல்லடை எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். "படிவம் எல்லாம் சரிதான் மேடம். அந்தம்மாவுக்குக் காது கேக்காது. அதனால அங்க லஞ்சம் நடக்க வழியில்ல."

திரையில் சிவப்பு போனது. அண்ணியின் பெயர் தப்பித்தது. அவள் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் பேராசிரியர் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "காரணம், ஊழியரின் செவிக்குறைபாடு. தற்செயலான ஒன்று."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"தற்செயல் இல்ல மேடம். அவளுக்கு மெஷின் இருக்கு. நல்லாவே கேக்கும். பத்து மணி ஆனா கழட்டி வச்சிட்டு உட்கார்றா. வேணும்னே."

பேராசிரியரின் பேனா நின்றது. "ஆதாரம்?"

"மெஷின் வாங்கின பில் என் அலமாரியில இருக்கு. அது கிடக்கிற டிராயரை என் கண்ணால பார்த்தேன். சல்லடை சார் வேணும்னா இன்னொரு தடவை போய் வரட்டும்."

"ஐயோ, நான் போகலை," என்றார் சல்லடை.

பேராசிரியர் எழுதியதை அடித்தார். "ஆறு நாட்டுலயும் இப்படி ஒண்ணு வரல," என்றார். "ஊர் பேரும் ஆபீஸ் பேரும் போட மாட்டோம். ஆனா விஷயம் அறிக்கையில வரணும்."

"ஏத்தறதுக்குக் கட்டம் இல்லையே மேடம்," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"புதுசா ஒண்ணு போடுங்க."

போட்டார்கள். அச்செடுத்த படிவத்தை அண்ணியிடமே நீட்டி, குறிப்பைத் தெளிவாகத் திரும்ப எழுதச் சொன்னார்கள். அதே வரிதான். முதல் தடவை, பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாதே என்று பொடிப்பொடியாக எழுதிய வரி. இந்தத் தடவை 'மூன்றாம் கவுண்டரில் இருப்பவர்' என்பதற்கே கட்டம் நிறைந்துவிட்டது. 'என் நாத்தனார்' என்பதைக் கோட்டுக்கு வெளியே, அதைவிடப் பெரிதாக எழுதி, அடிக்கோடும் போட்டாள்.