ஒரே ஜோடியில் இருவர்

பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்தின் பனி அரங்கில் மேல்வரிசை மூலையில், கையுறையைக் கழற்றாமலே காபி குடித்துக்கொண்டிருந்தாள் லெனோர் பெட்ரிஷின். பக்கத்தில் டேல் ஃபேர். இருவரும் ஒரே தொழில்முறை பனி ஹாக்கி கிளப்புக்கு ஆள் தேடுபவர்கள். கிளப்புகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் ஜூன் மாதத் தேர்வில் முதல் சுற்றுக்குத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. இவர்கள் மனத்தில் இருந்ததோ இரண்டு பேர். எமெட் ஹால்வர்சன் பனைமரம் போல வளர்ந்தவன். ரப்பர் வட்டு கிடைத்ததும் எதிரணி எல்லைவரை பாய்ந்துவிடுவான். ஜோனா பெலாஞ்ஜே குள்ளம், சத்தமில்லாதவன். இருவரும் ஒரே இளையோர் அணியில், ஒரே தடுப்பு ஜோடியாக ஆடினார்கள்.

குளிர்காலம் முழுக்க லெனோர் ஜோனா பக்கமே நின்றாள், டேல் எமெட் பக்கம். ஒரு காலத்தில் அவளும் தடுப்பாட்டக்காரிதான். அப்போதும் கைதட்டல் வாங்கியது பக்கத்தில் ஆடியவள்தான்.

கீழே எமெட் முன்னால் பாய்ந்து வட்டைப் பறிகொடுத்தான். எதிராளி தனியாக வந்தான். ஜோனா பின்னோக்கிச் சறுக்கியபடியே அவனைச் சுவரோரம் ஒதுக்கி, வட்டை அலுங்காமல் வாங்கிக்கொண்டான்.

"பாத்தீங்களா? உங்க ஆளு கொட்டுறான், என் ஆளு பெருக்குறான்."

"தாயே, கொட்டுறதுக்கும் கையில ஏதாவது இருக்கணும்ல?" என்றார் டேல்.

இரண்டாம் பகுதியில் எதிரணி அடித்த வட்டு ஜோனாவின் கணுக்காலில் பட்டது. நொண்டிக்கொண்டே வெளியேறினான். அன்றுதான் அணிக்கு வந்திருந்த ஒருவனை எமெட்டுக்குத் துணையாக இறக்கினார் பயிற்சியாளர்.

"இப்ப தெரியும் பாருங்க வண்டவாளம்" என்றாள் லெனோர்.

தெரிந்தது வேறு. எமெட் முன்னால் போகவே இல்லை. தங்கள் கோல் முன்னாலேயே நின்றான். புதியவனிடம் ஓயாமல் பேசினான். அவன் தடுமாறும் முன்பே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். வட்டு வந்தால் சின்னதாக ஒரு தட்டு, அவ்வளவுதான். பார்க்கச் சுவாரசியமே இல்லை. தப்பும் இல்லை. டேல் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் கேலி செய்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் நடைவழியில் எமெட்டை நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஏன்ப்பா முன்னால போகல?"

"பின்னால ஜோனா இல்லையே மேடம்."

"தினமும் யாரைக் கேட்டு ஓடுற?"

"அவன்தான் தொரத்துவான். 'நீ போடா, இங்க நான் பாத்துக்கறேன்'னு. நான் தயங்கினா திட்டுவான்."

லெனோருக்கு முகம் சூடேறியது. பொறுப்பில்லாத்தனம் என்று அவள் மாதக்கணக்கில் சொல்லிவந்தது, அந்த இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அப்படியானால் ஜோனா எமெட் இல்லாமல் தனியாக ஆடியும் அவள் பார்த்ததில்லை.

கால் தேறி ஜோனா திரும்பியபோது எமெட் காய்ச்சலில் படுத்திருந்தான். அவள் தனியாகவே போய்ப் பார்த்தாள். ஜோனா புத்திசாலித்தனமாகத்தான் ஆடினான். ஆனால் கோல் முன்னால் தடித்த ஆட்கள் அவனை ஒதுக்கி நகர்த்தினார்கள். வட்டை எடுத்தால், கொடுக்க ஆள் தேடித் திணறினான். உடம்பு வலுப்பெற இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். மனசு கேட்கவில்லை, கண்ணை ஏமாற்றவும் முடியவில்லை.

காருக்குள் உட்கார்ந்து டேலை அழைத்தாள்.

"முதல் சுற்றுக்கு எமெட். மேலிடத்துல நானும் அதையேதான் சொல்லப்போறேன்."

"நெசமாவா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சிரிக்காதீங்க. ஆனா ஜோனாவை மூணாவது சுற்றுல எடுக்கணும். அதுக்கு நீங்க என்கூட நின்னு சண்டை போடணும்."

"போடுறேன்" என்றார் டேல். சொன்னபடி போட்டார்; மேலிடமும் ஒத்துக்கொண்டது.

ஜூனில், தேர்வு மண்டபத்தில், எமெட் முதல் சுற்றிலேயே இவர்களுக்குக் கிடைத்தான். மூன்றாம் சுற்றில் இவர்கள் முறைக்கு இரண்டு இடம் முன்னால், வேறொரு கிளப் ஜோனாவின் பெயரை வாசித்தது. லெனோர் கண்ணை மூடிக்கொண்டாள். டேல் மேசைக்கடியில் காலால் தரையை உதைத்தார்.

கூட்டம் கலைந்தபோது, புது அணியின் சட்டை முழங்கால்வரை தொங்க, ஜோனா எதிரே வந்தான். அவள் கை நீட்டினாள்.

"உன்னை எடுக்கணும்னுதான் இருந்தோம். கோட்டை விட்டுட்டோம்."

"சும்மா சொல்றீங்க மேடம்."

"சத்தியமா."

அவன் காது சிவந்தது. எமெட்டுக்கு, ஆட்டப் பருவம் தொடங்கும் இலையுதிர் காலத்தில் தங்க இடம் பார்த்தாயிற்றா என்று விசாரித்தான். அவனுக்குத் தனியாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாது, ஒரு குடும்பத்தோடு விட்டால் நல்லது என்றான். லெனோர் தலையாட்டி, அதைப் பற்றிப் பேச எமெட்டின் பெற்றோரைத் தேடிப் போனாள்.